மீசை வைத்த என் அம்மாவுக்கு

என் அம்மா, எங்கள் தீவின் அண்ணாச்சியே,

நேற்று மதுரைக்குப் போய்வந்தேன். உன்னையும் கூட்டிக்கொண்டு.

காலையில் ராஜபாளையம் வழியாகப் போகிற வண்டி கிடைத்தது. ஜன்னலோரம். மடியில் பை, பைக்குள் உன் போன். மார்கழியில் நீ போனபிறகு அதை நான் திறந்ததே இல்லை. அவ்வப்போது சார்ஜ் மட்டும் போடுவேன். திரையில் வெளிச்சம் வரும். அணைத்துவிடுவேன்.

அப்பா வாசல்வரை வந்தார்.

"அங்கன போயி என்னட்டி செய்வீங்க? எல்லாரும் கூடி உக்காந்து போனையா பாப்பீங்க?"

"ஆமாப்பா."

"அத இங்கனயே பாக்கலாம்லா."

பாக்கலாம்தான். ஆனால் உன்னை அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்தது. அதை இங்கிருந்து செய்ய என்னால் முடியவில்லை.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

போனில் ஒரு விளையாட்டு. ஒரு தீவு. தீவுக்கு எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு குடிசை, ஒரு துண்டு நிலம், ஒரு குடம். நடுவில் ஆறு. விதைக்க வேண்டும், ஆற்றில் மொண்டு ஊற்ற வேண்டும், அறுக்க வேண்டும். சாயங்காலம் எட்டுப் பேரும் எழுத்தில் பேசிக்கொள்ளலாம். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. நான் சென்னையில் எம்.ஏ. படித்தபோது விடுதியில் தொடங்கினேன். என் பெயர் அங்கே நத்தை.

அப்போதெல்லாம் நீ போன் செய்வாய். சாப்ட்டியா? சாப்ட்டேன். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். ஒருநாள் நீதான் சொன்னாய்: "அந்த வெளையாட்டுல எனக்கும் ஒரு எடம் வாங்கிக் குடு மக்கா. பேசாட்டாலும் ஒன் பக்கத்துல நிப்பேன்லா."

தாலுகா ஆபீஸ் எதிரே நம் ஜெராக்ஸ் கடை. வலது கை இயந்திரத்தில், இடது கையில் தீவு. "ஆதாருக்கு ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்று ஒருவரிடம் கேட்டுக்கொண்டே உழுவாய். ஆளின் உருவத்தை நீயே தேர்ந்தெடுத்தாய். காவிச் சட்டை. ஓலைத் தொப்பி. மீசை.

"மீசை எதுக்கும்மா?"

"நல்லாருக்குல்லா."

பெயர் கேட்டது. மானாவாரி என்று போட்டாய். கிணறும் ஆறும் இல்லாமல் மழையை மட்டும் நம்பிப் பயிர் வைக்கிற நிலத்தின் பெயர். இளையரசனேந்தல் பக்கம் நீ பிறந்த வீட்டு நிலம் முழுக்க அதுதான்.

முதல் நாளே கடையநல்லூர்க்காரர் ஒருவர் கேட்டார்: எந்த ஊரு வே? விளையாட்டில் அவர் பெயர் காக்கா. நீ அடித்தாய்: சங்கரன்கோயில் வே, ஒமக்கு? அவ்வளவுதான். மீசையும் ஆண்கள் தங்களுக்குள் பேசும் அந்த 'வே'யும் சேர்ந்து அண்ணாச்சி ஆகிவிட்டாய். நான் திருத்தப் போனேன். நீ விடவில்லை.

"இருந்துட்டுப் போட்டும். அக்கான்னு தெரிஞ்சா, இன்னைக்கு என்ன சமையல்னு கேப்பானுவ. அண்ணாச்சிகிட்ட வெள்ளாமயப் பத்தித்தான் பேசுவானுவ."

அப்படியே நடந்தது. இத்தனை காலத்தில் உன்னிடம் ஒருவர்கூடச் சமையல் பற்றிக் கேட்கவில்லை. அதில் உனக்கு எவ்வளவு நிம்மதி இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

உன் தவறு என்று எல்லோரும் சொன்ன ஒன்று இருந்தது. நீ குடத்தைத் தொடமாட்டாய். அந்தத் தீவில் மழை எப்போதாவது வரும். அழகுக்கு வைத்திருக்கிறார்கள். மற்ற ஏழு பேரும் தினமும் ஆற்றில் மொண்டு ஊற்றி அறுவடைமேல் அறுவடை எடுத்தோம். நீ வரப்பில் நின்றாய். முதல் மழை விழட்டும், அப்புறம் விதைப்போம் என்றாய்.

பக்கத்துல ஆறு ஓடுது, கையில குடம் இருக்கு, மோந்து ஊத்துனா என்ன வே? என்று காக்கா அடிப்பார்.

ஒமக்கு என்னவே, கொளத்துப் பாசனக்காரரு. எங்களுக்கு வானம்தான் பழக்கம் என்று நீ அடிப்பாய்.

ஒருமுறை அவர் கேட்காமலேயே உன் நிலத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டார். என் காட்டுல ஒம்ம கொடம் எதுக்கு வே என்று சண்டை போட்டுவிட்டுப் பல நாள் அவரோடு பேசாமல் இருந்தாய். அன்றிலிருந்து அது தீவின் வழக்கமாகிவிட்டது. யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் அவர் பயிருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அண்ணாச்சி நிலத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது.

அதனால்தான் இந்த அரை வருடமும் யாரும் தொடவில்லை.

போன வாரம் குழுவில் பிரவீன் எழுதியிருந்தார். கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியர், விளையாட்டில் டார்ச்லைட், நம் தீவின் தலைவர். அண்ணாச்சியைக் காணோம். நிலம் காலியாகக் கிடக்கிறது. இந்த ஞாயிறு இரவோடு விளையாட்டே அதை எடுத்துக்கொள்ளும், குடிசை போகும், புது ஆளுக்கு இடம் திறக்கும். அன்றைக்குத்தான் மதுரையில் போன் விளையாட்டு ரசிகர்கள் கூட்டம். நேரில் பேசி முடிவு செய்வோம். நத்தை, நீங்கள் ஒரே ஊர்தானே, அண்ணாச்சியைக் கூட்டிவர முடியுமா?

பதில் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அண்ணாச்சி என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் முடிக்கத் தெரியவில்லை. கடைசியில், கூட்டிட்டு வாரேன் என்று அனுப்பினேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரங்களை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். அட்டை வாளும் வெள்ளிக் காகிதக் கவசமுமாக ஒருவன் அந்த வாழைக்குலைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, கத்திய வெளிய வச்சுட்டுப் போ." "அண்ணே, அட்டைண்ணே." "அட்டையோ தகரமோ, வெளிய வையி."

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

உள்ளே எத்தனை விளையாட்டு, எத்தனை கூட்டம். நீல முடி வைத்த பெண்கள். இறக்கை கட்டிய பையன், கதவில் நுழைய முடியாமல் பக்கவாட்டில் நடந்தான். மணமேடையில் ஒலிபெருக்கி. சாப்பாட்டுக் கூடத்தில் படங்கள், ஸ்டிக்கர்கள், துணிப்பைகள் விற்றார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. இத்தனை வருடம் தனியாகச் செய்த ஒன்றை இத்தனை பேர் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பது வினோதமான அமைதியைத் தந்தது.

வாசல் மேசையில் ஒரு பெண். விளையாட்டில் என்ன பெயரோ அதைத்தான் கேட்கிறார்கள். அட்டையில் அதைப் பெரிதாக எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். சொந்தப் பெயர் கீழே சின்னதாக, விருப்பம் இருந்தால். பிரவீன் எல்லோருக்கும் முன்பே பதிந்திருந்தார்.

"நத்தை. இந்தாங்க. உங்க தீவுல மானாவாரின்னு ஒருத்தர் இருக்கார். அவர் வரலையா?"

"வந்திருக்காங்க."

அவள் என் பின்னால் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் இரண்டாவது அட்டையையும் கொடுத்தாள். அதைப் பையில் உன் போனோடு வைத்தேன்.

எட்டில் நான்கு பேர்தான் வந்திருந்தோம். உன்னைச் சேர்த்தால் ஐந்து.

குருவி என்னை முதலில் பார்த்துவிட்டாள். நிஜப் பெயர் தீபிகா, மதுரையிலேயே செவிலியர் படிப்பு. "நத்தைன்னாங்க, இவ்ளோ வெரசா வந்துட்டீங்க!" பிரவீன் எழுந்து கைகூப்பினார். "வாங்க வாங்க. அண்ணாச்சி எங்கீங்க? சாப்பாட்டுக் கூடத்துல நிக்கறாருங்களா?"

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளியே வந்தார். காவிச் சட்டை. ஓலைத் தொப்பி. மை வைத்து வரைந்த பெரிய மீசை.

அம்மா, அது நீ. நீதான். தீவில் வரப்பில் நிற்பாயே, அதே உருவம்.

"எங்கட்டி அந்த ஆளு?" என்றார் அந்த உருவம், கடையநல்லூர்க் குரலில். "அவர மாதிரியே வேசம் போட்டு வந்திருக்கேன். மூஞ்சிக்கு நேரா நின்னு, ஆத்துல தண்ணி ஓடுது வே, மோந்து ஊத்தும்னு சொல்லணும். நாலு மாசமாத் திட்டம்."

காக்கா. உதுமான். சவூதியில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து டயர் கடை வைத்திருக்கிறார். ஐம்பதுக்கு மேல் இருக்கும். உன் வயது.

"காக்கா, அண்ணாச்சிங்கிறது எங்கம்மா."

"யாரு?"

"மானாவாரி எங்கம்மா. மார்கழியில தவறிட்டாங்க. மாரடைப்பு."

அவர் முதலில் சிரித்தார். "கத விடாத." மற்ற இருவரையும் பார்த்தார், அவர்களும் சேர்ந்து செய்கிற விளையாட்டோ என்று. நான் பையிலிருந்து உன் பெயர் எழுதிய அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

பக்கத்து வரிசையில் யாரோ எதையோ ஜெயித்துக் கூச்சலிட்டார்கள். தீபிகா என் கையைப் பிடித்தாள். உதுமான் தொப்பியைக் கழற்றினார். உதட்டுக்குள் எதையோ ஓதினார். பிறகு மெதுவாக:

"பொம்பளையா? நான் என்னெல்லாம் பேசிருக்கேன். பீடி குடிப்பீரா வேன்னு கேட்டேனே."

"என்ன சொன்னாங்க?"

"விட்டாச்சு வேன்னு சொன்னாரு. சொன்னாங்க."

தீபிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் சிரித்தார். நானும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மீசை கலைந்து கன்னம்வரை கறுப்பாக இழுபட்டது.

பிறகு நிலத்தைப் பற்றிப் பேசினோம். வேறு எதைப் பற்றிப் பேசுவது?

நிலத்துக்கு உரியவர் மட்டுமே அதில் விதைக்க முடியும். அதாவது உன் போனிலிருந்து மட்டும். பிரவீன் தன்மையாகச் சொன்னார். "விதைச்சு, இனிமே நாங்களே தண்ணி விட்டுப் பாத்துக்கறோங்க. நிலம் எப்பவுமே இருக்கும்." உதுமான் தலையை ஆட்டினார், இல்லை என்று. "ஒரு தடவ ஊத்துனதுக்கே வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

தீபிகா இன்னொரு வழி சொன்னாள். நினைவு மண்டபம். விளையாட்டிலேயே இருக்கிறது. நிலத்தின் நடுவில் ஒரு சிலை, சுற்றிப் பூச்செடி. அதன்பின் அந்த நிலத்தை யாரும் எடுக்க முடியாது, என்றைக்கும். வாடாது. களை வராது. மற்ற தீவுகளில் இறந்தவர்களுக்கு அப்படித்தான் செய்திருக்கிறார்களாம். படம் காட்டினாள். அழகாக இருந்தது.

எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். போகாத ஒன்று. உன் இடத்தில் உன்னை நிறுத்திவிட்டால் நான் ஊருக்குத் திரும்பலாம்.

போனை எடுத்தேன். உறைக்குப் பின்னால் சின்னப் பொட்டலம், கோயில் புற்றுமண். நீதான் வைத்திருப்பாய். பூட்டைத் திறக்கும் கோடு எனக்குத் தெரியும், நீ யாரிடமும் மறைத்ததில்லை. தீவு திறந்தது.

நீ வரப்பில் நின்றிருந்தாய். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்த விளையாட்டில் சும்மா நிற்கிற ஆள் எல்லோருமே கொஞ்ச நேரத்தில் அப்படித்தான் தலையைத் தூக்குவார்கள். தெரியும். என் நத்தையும் அப்படித்தான் பார்ப்பாள். தெரிந்தும் என்ன?

விளையாட்டுக்குள் உன் ஆளின் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு மூட்டை மக்காச்சோள விதை. வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாய்.

அப்போதுதான் கடையில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை, ஆள் இல்லை. "எங்க ஊர்ல சில வருசம் மழைக்கு முந்தியே காஞ்ச புழுதியில வெதச்சிருவாங்க மக்கா. பெஞ்சா மொளைக்கும். பெய்யாட்டா எறும்புக்கு." நீ ஏன் தீவில் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன். சிரித்தாய். "வெதய மண்ணுல போட்டுட்டுத் தூங்கணும்லா. எனக்கு அந்தத் தைரியம் கெடையாது."

தைரியம் இல்லாதவளா நீ? உன் ஒருத்தியின் கடையை நம்பித்தானே என்னைச் சென்னைக்கு அனுப்பினாய்? மழைக்கு முன்னால் போட்ட விதை நான் இல்லையா?

இதைக் கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கரண்ட் வந்துவிட்டது.

"காக்கா, புழுதியில போட்டா என்ன ஆகும்?"

பிரவீன்தான் விதி சொன்னார். விதைத்த நிலத்தை இந்தப் பருவம் முடியும்வரை யாரும் எடுக்க முடியாது. பருவம் முடிவதற்குள் ஒருமுறையாவது ஈரம் பட்டால் முளைக்கும், நிலம் நிற்கும். படாவிட்டால் விதையும் போகும், நிலமும் போகும். "மழை நிச்சயமில்லீங்க. பாத்துக்குங்க. சிலைன்னா பயமே இல்லை."

உதுமான் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "செல நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க வெதைக்கிறதுக்குல்லா நிலம் வாங்குனாங்க?"

விதைத்தேன். உன் விரலால் அல்ல, என் விரலால். உன் ஆள் குனிந்து குனிந்து போட்டான். காய்ந்த பழுப்பு மண்ணில் சின்னச் சின்னப் புள்ளிகள். முடித்ததும் வரப்புக்கு வந்து நின்றான். யாரும் கைதட்டவில்லை. நால்வரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா சொன்னது சரிதான்.

மேடையிலிருந்து வேடப் போட்டிக்கு எண் வாசித்தார்கள். உதுமானின் எண். போகமாட்டேன் என்றார். தீபிகா கைப்பையிலிருந்து கண்மை எடுத்து அவர் மீசையைத் திருத்திவிட்டாள். போனார். இறக்கைப் பையனுக்கும் நீல முடிக்காரிக்கும் நடுவில், மணமக்கள் உட்காரும் இடத்தில், ஓலைத் தொப்பியோடு நின்றார். ஒலிவாங்கியை நீட்டி, யார் வேடம் என்று கேட்டார்கள்.

"எங்க அண்ணாச்சி. சங்கரன்கோயில்." தொப்பியைச் சரிசெய்தார். "தண்ணி ஊத்தமாட்டாங்க. மழைக்கு நிப்பாங்க."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தட்டினார்கள். பரிசு இறக்கைக்குப் போனது.

பேருந்து நிலையத்தில் பிரியும்போது உன் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். டயர் கடையில் மாட்டுவாராம். கொடுத்துவிட்டேன். நீ கோபிக்கமாட்டாய்தானே?

இப்போது கடையில் இருந்து எழுதுகிறேன். ஆடித்தபசுக்குச் சுவரொட்டிகள் வந்துவிட்டன. அப்பாவும் நானும் மாறி மாறிக் கடையைப் பார்க்கிறோம். அவர் இன்னும் தாளைத் தலைகீழாக வைக்கிறார். நேற்று நான் திரும்பியதும் கேட்டார், போனத்தான் பாத்தீங்களா? ஆமாப்பா, மழை வருதான்னு பாத்தோம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மீசை உட்பட. மீசைக்கு மட்டும் சிரித்தார். இன்று காலையில் இயந்திரத்துக்குத் தாள் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"ஒங்கம்மைக்கு மழை பெஞ்சுச்சா?"

"இல்லப்பா."

"ம்."

இன்னொன்று. சற்றுமுன் தீவைத் திறந்தேன். காக்காவின் நிலம் வறண்டிருந்தது. எப்போதும் பச்சையாக இருக்கும் நிலம். அறுத்துவிட்டு, புழுதியில் விதை போட்டிருக்கிறார். குடத்தை ஆற்றங்கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதற்கு அடுத்து குருவியின் குடம். அதற்கு அடுத்து டார்ச்லைட். மதுரைக்கு வராத மற்ற மூவருக்கும் யார் சொன்னார்களோ, அவர்களுடையதும். யாரும் குழுவில் எதுவும் எழுதவில்லை. ஆறு சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. தீவு முழுக்கப் பழுப்பு. ஆட்கள் வரப்புகளில் நின்று மேலே பார்க்கிறார்கள்.

நானும் என் குடத்தைக் கவிழ்த்துவிட்டேன்.

பருவம் முடிய நாள் இருக்கிறது. பெய்யுமா, தெரியவில்லை. நிலம் போய்விடலாம். போனால் அழுவேன், மறைக்கமாட்டேன். ஆனால் உன் காட்டில் ஒரு சொட்டு ஊற்றமாட்டேன், யாரையும் ஊற்ற விடவும் மாட்டேன். விதையை மண்ணில் போட்டுவிட்டு இன்றைக்கு ராத்திரி தூங்கப் பார்க்கிறேன். பெய்தால், எந்த நேரமானாலும், முதலில் அப்பாவை எழுப்பிச் சொல்வேன்.

பக்கத்து வரப்பில் நிற்கும்,
உன் மகள் கோமு